உள்ளங்கையில் எழுதிய நேரம்

மலைக்குப் போகும் நாட்களில் அவருடைய இடது உள்ளங்கையில் ஓர் எண் இருக்கும். காலைத் தேநீரைக் குடித்து முடித்ததும் யன்னலருகே போய் வானத்தைச் சற்று நேரம் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, ஒன்று என்றோ இரண்டு என்றோ கையில் எழுதிக்கொள்வார். அது திரும்பும் நேரம். அந்த மணி ஆனதும் நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடுவார். உச்சி கண்ணெதிரே ஐம்பது அடியில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

“உச்சி எங்கயும் ஓடிப் போகாது, மாஸ்டர். வெளிச்சந்தான் போகும்” என்பார்.

அவர் பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. ஒஸ்லோவிலும் லில்லெஸ்ட்ரோமிலும் வாழும் நம்மவருக்குப் பெயரில்லாமலே அவர் யாரென்று தெரிந்துவிடும். என்னைப் பற்றி ஒரு வரி சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் புவியியல் கற்பித்தவன் நான். ஒஸ்லோவில் எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவனாகவும், அதன் ஆண்டு மலரின் ஆசிரியனாகவும் நெடுங்காலம் இருந்தவன். என் எழுத்தில் தகவற் பிழை உண்டென்று எவரும் விரல் நீட்டியதில்லை. அவ்வாறு நீட்டவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்பதே சரி.

அவருக்கு அத்தகைய கவலைகள் இருக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினார். ஒரு கோடை முழுவதும் ரொண்டானே மலைத்தொடரில், ஏரிக்கரைத் தங்குமனை ஒன்றில் கோப்பை கழுவினார். நான் அறிந்த காலத்தில் வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை. கோப்பை கழுவிய அந்த ஒரு கோடையிலேயே மலை அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் ஆண்டுக்கு மூன்று தடவையாவது அங்கு போகாமல் அவரால் இருக்க முடியவில்லை. போகும்போதெல்லாம் தங்குமனைச் சமையலறைக்குள் நுழைந்து, யாரும் கேளாமலே சட்டைக் கைகளை மடித்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருவார்.

ரொண்டானே, ஒஸ்லோவிலிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். இந்த நாட்டில் முதன்முதலாகத் தேசியப் பூங்கா என்று காக்கப்பட்ட மலைநிலம் அது. மேற்குக் கரையின் சிகரங்களைப் போல மிரட்டும் உருவமில்லை. வயதாகித் தேய்ந்து, தோள் உருண்ட மலைகள். அதன் பாறை கஞ்சத்தனமானது, மண்ணுக்கு எதையும் விட்டுக்கொடுக்காது. ஆகவே புல்லைவிடக் கற்பாசியே அதிகம். வெளிறிய மஞ்சளும் சாம்பலுமாக மலை முழுவதும் அது படர்ந்து கிடக்கும். அந்தப் பாசியை உண்டு காட்டுப் பனிமான்கள் வாழ்கின்றன. பழங்காலத்தில் அந்த மான்களை உண்டு மனிதர் வாழ்ந்தனர். மந்தை வரும் வழியில் அவர்கள் தோண்டிக் கல் அடுக்கிய பொறிக்குழிகள் இன்றும் வரிசையாக வாய் திறந்து கிடக்கின்றன. நொர்வேஜியர் அங்கு சத்தமிடுவதில்லை. ஈஸ்டர் விடுமுறையில் பையில் தோடம்பழங்களுடன் போய், நாள் முழுவதும் பனியில் நடந்துவிட்டு வருவதை வழிபாடு போலச் செய்வார்கள். அவர்களுடைய மலை விதிகளுள் ஒன்று எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்: காலத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை.

நமக்கு இது விளங்குவதில்லை. நாம் அறிந்த மலையின் உச்சியில் கோயில் இருக்கும். உச்சிக்குப் போகாமல் இறங்குவது நடை சாத்தியபின் போய் வெறுங்கையோடு வருவதைப் போன்றது. நம்மவருள் அந்த விதியை மெய்யாகவே நம்பியவர் அவர் ஒருவர்தான்.

ஒருமுறை மன்றத்தின் சார்பில் பேருந்து ஒழுங்கு செய்து நாற்பது பேர் போனோம். வழிகாட்டி அவர். சிறியதொரு சிகரத்தின் தலை தெரியும் தூரத்தில் நின்று உள்ளங்கையைப் பார்த்தார். “ரெண்டாச்சு. திரும்புவம்” என்றார்.

தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்திருந்த இளம் தம்பதியர் இருவர் முன்னால் நின்றார்கள். கணவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “சார், இன்னும் அஞ்சு நிமிஷம்தான் சார்! அதோ தெரியுது பாருங்க!”

“தெரியுதுதான் தம்பி. எனக்குப் பின்னால வாற மழையும் தெரியுது.”

“அங்கிளுக்கு ரிவர்ஸ் கியர் மட்டும்தான் போல” என்றாள் அந்தப் பெண். நாற்பது பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் பெயர் ‘ரிவர்ஸ்’. இறங்கி வந்து பேருந்தில் ஏறியபின் மழை கொட்டியது. அதை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை, பட்டப்பெயர்தான் நின்றது.

இன்னொரு முறை, பாதையின் குறுக்கே வெகு தொலைவில் பழுப்பாக ஏதோ அசைந்தது. “இருங்கோ! எல்லாரும் இருங்கோ!” என்று தாழ்ந்த குரலில் அதட்டினார். கட்டுச்சாதப் பெட்டிகளோடு அத்தனை குடும்பங்களும் ஈரப் பாசியில் குந்தின. மினுக்கி மடிப்பெடுத்த காற்சட்டையோடு, மன்றத் தலைவனாகிய நானும் குந்தினேன். பனிமான் மந்தை, நாங்கள் போகவிருந்த பள்ளத்தாக்கைக் கடக்க வந்து, எங்கள் வாடைக்குத் தயங்கி நின்றது.

“மனுசரைக் கண்டா அதுகள் வழியை விட்டிடும். பிறகு அந்தப் பக்கத்துப் பாசியே அதுகளுக்கு இல்லாமப் போயிடும். நாங்கள் திரும்பினா அதுகள் திரும்பத் தேவையில்லை” என்றார்.

“நாங்கள் நாலு மணித்தியாலம் ஓடி வந்தனாங்கள், ஐசே” என்றேன்.

“அதுகள் எங்களுக்கு முந்தி வந்ததுகள், மாஸ்டர்.”

திரும்பினோம்.

மலையில் மட்டுமல்ல, எங்கும் அவர் அப்படித்தான். மன்றக் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தால், “நான் சொன்னது பிழையா இருக்கலாம், விடுங்கோ” என்று உட்கார்ந்துவிடுவார். தலைவர் பதவிக்கு அவர் பெயரைச் சிலர் முன்மொழிந்தபோது, எனக்கு அது உவப்பில்லை என்பதை என் முகத்தில் பார்த்துவிட்டு, எழுந்து விலகிக்கொண்டார். சொன்ன சொல்லை இவ்வளவு எளிதாகத் திருப்பி எடுக்கும் ஒருவருக்கு முதுகெலும்பு உண்டா என்று நான் வெளிப்படையாகவே ஐயப்பட்டதுண்டு. ஒரு நாள் அவரையே கேட்டேன்: “உமக்கு ஒரு காரியத்தையாவது முடிக்க விருப்பமில்லையோ?”

காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஊரைவிட்டு வெளிக்கிட்டது ஒண்டுதான் திரும்பேலாமப் போச்சு, மாஸ்டர். மிச்சம் எல்லாத்திலயும் எனக்கு அந்த வசதி வேணும்.”

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதி.

மன்றத்தின் மலர் ஒன்றுக்காக ரொண்டானே மலைத்தொடரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினேன். பாறையின் வயது, பாசி, பொறிக்குழிகள், பனிமான்களின் வழித்தடங்கள் யாவும் நூலகத்தில் அமர்ந்து சரிபார்த்தவை. முடிவு மட்டும் உயிரற்றுக் கிடந்தது. ஆகவே ஒரு வசனத்தைச் சேர்த்தேன்: ‘ஸ்டூர்ரொண்டன் சிகரத்தின் உச்சியில் நின்றேன், மானிடச் செருக்கு அனைத்தும் என் காலடியில் கரைந்தது.’ செப்டெம்பர் முதல் வாரத்தில் ஏறுவதாகத் திட்டமிருந்தது. மலர் அதற்கு முன்பே அச்சுக்குப் போகவேண்டியிருந்தது. எப்படியும் ஏறத்தான் போகிறோமே என்று அனுப்பிவிட்டேன். மலைக்குப் போகும் வழியில் அந்த வசனத்தை அவரிடமும் சொல்லி, அது அச்சுக்குப் போய்விட்டதென்றேன்.

அவர் சிரித்தார். “மாஸ்டர், அங்கை காலடியில கல்லுத்தான் இருக்கும்” என்றார்.

ஏரிக்கரைத் தங்குமனையில் இரவு தங்கினோம். காலையில் தேநீர் குடித்துவிட்டு அவர் வானத்தைப் பார்த்தார். உள்ளங்கையில் பன்னிரண்டு என்று எழுதினார்.

“பன்னிரண்டோ? அதுக்குள்ள என்னால ஏற ஏலாது” என்றேன்.

“ஏலாட்டி விடுவம். மலருக்கு அடுத்த வருசமும் இருக்குத்தானே” என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவச் சமையலறைக்குப் போனார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தங்குமனையை விட்டுப் புறப்படுவோர் வாசலில் உள்ள பதிவேட்டில் தம் பெயரையும், எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்பதையும் எழுதவேண்டும். திரும்பாதவரை எங்கே தேடுவது என்று அதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். நான் என் பெயரை எழுதி, போகுமிடம் என்ற நிரலில் ‘ஸ்டூர்ரொண்டன், உச்சி’ என்று தெளிவான கையெழுத்தில் எழுதினேன். அவருக்குச் சொல்லாமல் தனியே வெளிக்கிட்டேன்.

ஒன்றரை மணித்தியாலத்தில் கற்குவியல் நிலம் தொடங்கியது. முந்தைய நாள் மழையில் பாசி வழுக்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு பாறையில் அமர்ந்தேன். எழுந்தபோது என் கால்கள் கீழ்நோக்கியே திரும்பின. பயந்தேன் என்பதே உண்மை. ஆனால் அவ்வளவு விரைவில் தங்குமனைக்குப் போய் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? பாதையை விட்டு விலகி, ஓடையைத் தாண்டி, பழைய பொறிக்குழிகள் இருக்கும் பக்கமாகப் போனேன். ஒரு குழியின் கற்சுவருக்குள் காற்றுக்கு ஒதுங்கிக் குந்தினேன். பிற்பகல்வரை அங்கேயே இருந்துவிட்டு, உச்சிக்குப் போய்வந்தவனாகத் திரும்புவது என் எண்ணம். பத்து மணியளவில் மலை மூடுபனிக்குள் போய்விட்டது. பிறகு பனிக்கூழாக மழை. கைபேசிக்கு அங்கு அலை கிடைப்பதில்லை. நான் கொண்டுபோன பாண் துண்டுகளைச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குத் தங்குமனை வாசலில் நான் காலடி வைத்ததும், பொறுப்பாளரான பெண்மணி ஓடி வந்தார். “உங்கள் நண்பர் எங்கே? பதிவேட்டைப் பார்த்துவிட்டு, மூடுபனி இறங்கியதுமே உங்களைத் தேடி மேலே போனாரே. பாதையில் காணவில்லையா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு: “நான் உச்சிவரை போய் அதே பாதையால்தான் இறங்கினேன். எவரையும் காணவில்லை.”

மீட்புக் குழுவினர் வந்தார்கள். ஒரே பாதையில் ஏறியவரும் இறங்கியவரும் சந்திக்கவில்லை என்றால், ஏறியவர் பாதையை விட்டு விலகியிருக்கவேண்டும் என்று முறையாகவே சிந்தித்தார்கள். ஏரிப் பக்கத்துச் சரிவுகளில் தேடினார்கள். நான் அடுப்பருகே போர்வை போர்த்தி இருந்தேன். எனக்குக் கோப்பி தந்தார்கள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. அவர் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் வரிசையாகத் தெரிந்தன.

அவற்றையே பார்த்தபடி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தேன். பிறகு எழுந்து அந்தப் பெண்மணியைத் தனியே அழைத்து நொர்வேஜிய மொழியில் சொன்னேன்: “நான் மேலே போகவில்லை. பாதையிலும் இருக்கவில்லை.” அவர் என்னை ஒருமுறை பார்த்தார். தொடர்புக் கருவியை எடுத்துத் தேடுவோரைப் பாதைக்குத் திருப்பினார். இருள்வதற்கு முன் என் நண்பரைக் கண்டுபிடித்தார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே, சிவப்பு அடையாளமிட்ட பாதையிலேயே, புரண்ட பாறை இரண்டுக்கிடையில் இடது பாதம் சிக்கிக் கிடந்தார்.

தூக்குக் கட்டிலில் கொண்டுவந்தபோது கை வெளியே தொங்கியது. மழையில் பாதி கரைந்திருந்தாலும், உள்ளங்கையில் பன்னிரண்டு தெரிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “வந்திட்டியளோ, மாஸ்டர்” என்றார். அவ்வளவுதான்.

பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். இரண்டு மணித்தியாலம் முந்திக் கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அவருடைய மனைவியிடம் வைத்தியர் சொன்னபோது நானும் அருகில் நின்றேன்.

வைத்தியசாலைக்கு வந்த நம்மவர் எல்லாரிடமும் அவர் ஒரே விடையைச் சொன்னார்: “வழி தவறிப்போட்டன்.” ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. மலையைக் கரைத்துக் குடித்தவர் மலையிலேயே வழி தவறினார் என்றும், ரிவர்ஸுக்கு அன்றைக்குக் கியர் விழவில்லை என்றும் கொண்டாட்ட வீடுகளில் பகிடி விட்டார்கள். நான் சிரிக்கவில்லை. மறுக்கவுமில்லை.

ஒரு மாலை நாங்கள் இருவரும் தனித்திருந்தோம்.

“மலர் வந்திட்டுதோ?”

“வந்திட்டுது.”

“கொண்டு வந்தனீங்களோ?”

பைக்குள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். முழுக் கட்டுரையையும் மெல்ல வாசித்தார். மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“நல்லா எழுதியிருக்கிறியள். மான் போற வழியெல்லாம் சரி. அந்த ஒரு வசனந்தான். அடுத்த மலரில திருத்தம் எண்டு ரெண்டு வரி போட்டாக் காணும். இன்னும் நேரம் இருக்கு, மாஸ்டர்.”

“பாப்பம்” என்றேன்.

அவர் அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த மலரில் திருத்தப் பட்டியல் ஒன்றை வெளியிட்டேன். ஓர் ஏரியின் பெயரில் விடுபட்ட எழுத்து, இடம் மாறிய ஒரு படக் குறிப்பு, இரண்டு ஒற்றுப் பிழைகள். அந்த வசனம் பட்டியலில் இல்லை. அதற்குப் பின் வந்த மலர்களிலும் இல்லை. நொர்வேஜிய மொழியில் ஒரு முறை சொன்ன உண்மையைத் தமிழில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தப் பெண்மணி என்னை இனிக் காணப்போவதில்லை. நம்மவரோ ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைக் காண்பவர்கள்.

அவருடைய வேலை போயிற்று. ஊன்றுகோலோடு லில்லெஸ்ட்ரோம் நிலையத்துக்கு நடந்து வந்து, வடக்கே போகும் புகைவண்டிகளைப் பார்த்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். மலைக்குக் காரில் கூட்டிப்போவதாக நான் இரண்டு தடவை சொன்னேன். “கீழ நிண்டு பாத்தா ஆசை வரும். ஆசை வந்தாத் திரும்ப மனம் வராது” என்றார். கடந்த மார்ச்சில், நெஞ்சு நோயில் இறந்தார். இறுதிச் சடங்கில் நான் உரையாற்றினேன். நல்ல உரை என்று பலரும் கையைப் பிடித்துச் சொன்னார்கள். ‘மலையை நேசித்தவர்’ என்று சொன்னேனே தவிர, மலையில் நடந்ததைச் சொல்லவில்லை. பின்வரிசையில் எவரோ ‘ரிவர்ஸ்’ என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

இந்த ஓகஸ்டில் அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். இங்கு பிறந்தவள், பேர்கனில் தாதியாக வேலை செய்கிறாள். தகப்பன் விழுந்த மலையைப் பார்க்கவேண்டுமென்று கோடையில் தனியே ஏறியிருக்கிறாள். சிகரத்தின் உச்சியில், கற்களுக்கிடையே ஒரு தகரப் பெட்டியில் வருவோர் பெயரெழுதும் கொப்பி ஒன்று இருக்குமாம். நிறைந்த பழைய கொப்பிகளைத் தங்குமனையில் வைத்திருக்கிறார்கள். அவள் கேட்டு வாங்கி, அந்தச் செப்டெம்பரைப் புரட்டியிருக்கிறாள்.

“அப்பா ஒரு உச்சிக்கும் போனதில்லை எண்டுதான் நான் நினைச்சிருந்தனான், மாமா” என்று கைபேசியை நீட்டினாள்.

ஈரத்தில் நீலம் பரவிய பக்கம். அவர் கையெழுத்து. நொர்வேஜிய மொழியில் மூன்று வரிகள். முதல் வரியில் என் பெயர் முழுமையாக. அடுத்து: ‘இவரைத் தேடி வந்தேன். இங்கே வரவில்லை. கீழே தேடுங்கள்.’ கடைசி வரி: ‘12.40. திரும்புகிறேன்.’

பன்னிரண்டு என்று கையில் எழுதிய மனிதர். நாற்பது நிமிடம் எனக்காகக் கடந்திருக்கிறார். நான் அங்கு வரவில்லை என்பதற்கான சான்று அத்தனை ஆண்டும் அந்தக் கொப்பியில் இருந்தது. அவர் அறிவார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

“இது நீங்கள்தானே, மாமா?”

சுவரில் மன்றம் எனக்களித்த பாராட்டு மடல்கள் இருந்தன. என் மனைவி தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றாள்.

“ஓம்” என்றேன்.

அவர் மகள் படத்தை மறுபடி பார்த்தாள். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“அப்ப, அப்பா வழி தவறேல்லை.”

“இல்லை, பிள்ளை.”

அவள் தேநீரைக் குடிக்காமல் எழுந்தாள். வாசலில் சப்பாத்தை மாட்டும்போது மட்டும் கேட்டாள்: “அம்மாவுக்கு நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?”

நான் சொன்னேன். அடுத்த நாள் லில்லெஸ்ட்ரோமுக்குப் போய், அவர்களுடைய மேசையருகே நின்றபடியே சொன்னேன். என்னை இருக்கச் சொல்லவில்லை. மிகுதிப் பேருக்கு இங்கு சொல்கிறேன்.

திருத்தம்: ரொண்டானே மலைத்தொடர் பற்றிய என் கட்டுரையின் இறுதியில் ‘உச்சியில் நின்றேன்’ என்றிருப்பதை ‘நான் உச்சிக்குப் போகவில்லை, போனவர் அவர்’ என்று திருத்தி வாசிக்கவும்.